கிளிஃபர்டைத் தாங்கிய துணி

கிளிஃபர்ட் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நாற்காலியைத்தான் பார்ப்பான். பிளாஸ்டிக்கா மரமா, கால்கள் எப்படி நிற்கின்றன, எங்காவது கீறல் விட்டிருக்கிறதா என்று ஒரே பார்வையில் கணக்குப் போட்டுவிடுவான். நம்பிக்கை வரவில்லை என்றால், "இருக்கட்டும், காலையிலேர்ந்து உக்காந்தே இருந்தேன்" என்று நின்றபடியே காபி குடிப்பான்.

கல்யாணமான புதிதில் ஆஞ்சலாவுக்கு இது விளங்கவில்லை. ஒரு ஞானஸ்நான விருந்தில் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி நான்கு காலையும் பரப்பிக்கொண்டு அவனோடு தரையில் சரிந்த அன்றைக்குத்தான் விளங்கியது. பந்தியிலிருந்து ஓடிவந்து தூக்கியவர்கள், தூக்கி முடித்ததும் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அவனும் கூடவே சிரித்தான். அவன் சிரித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கோரமங்களாவில் ஒரு கம்பெனியில் அவனுக்கு அட்மின் வேலை. வண்டி பேசுவது, ஏசி கெட்டால் ஆள் கூப்பிடுவது, மேஜை நாற்காலி வாங்குவது எல்லாம் அவன் தலையில். வருஷா வருஷம் மே மாதக் கடைசியில் ஆபீஸ்காரர்கள் சக்லேஷ்பூர் பக்கம், கூட வேலை பார்க்கும் உமேஷ் வீட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் போய் ஓர் இரவு தங்கிவருவார்கள். பஸ் பிடிப்பதிலிருந்து பிரியாணி சொல்வதுவரை கிளிஃபர்ட் செய்வான். பஸ் கிளம்பும்போது கையசைத்துவிட்டு விவேக் நகர் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். காரணம், அங்கே எல்லோரும் ஹேமக்கில்தான் படுப்பார்கள். இரண்டு மரத்துக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப்படுக்கை. ஆபீஸில் வாங்கி வைத்திருந்த ஹேமக் பை ஒவ்வொன்றிலும் இத்தனை கிலோவரை தாங்கும் என்று அச்சடித்திருந்தது. கிளிஃபர்ட் அந்த எண்ணை எப்போதோ தாண்டியவன்.

இந்த வருஷம் தவக்காலத்தில் ஒரு சாயங்காலம், ஆஞ்சலா கோயிலில் முதல் நற்கருணை வாங்கப்போகும் யாரோ ஒரு பிள்ளையின் புதுநன்மை கவுனுக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தபோது, அவன் வந்து மிஷின் பக்கத்தில் நின்றான்.

"ஆஞ்சி, எனக்கு ஒரு தடவையாவது தொங்கணும்."

"ஏசுவே! என்னா பேச்சு இது, விளக்கு வைக்கிற நேரத்துல!" அவள் கை தானாகச் சிலுவை போட்டது.

"அய்யோ, அது இல்ல." போனை நீட்டினான். போன வருஷத்துப் படம். இரண்டு மரத்துக்கு நடுவே உமேஷ் படுத்திருந்தான். முதுகுக்குக் கீழே காப்பிச் செடிகளும் காற்றும் மட்டும்தான். "இது மாதிரி. கால் தரையில படாம. எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

ஆஞ்சலா படத்தை வெகுநேரம் பார்த்தாள். அவள் தைக்கிறவள். விவேக் நகரிலும் ஆஸ்டின் டவுனிலும் பாதி வீடுகளின் பிளவுஸ் அவள் கையில்தான் பிறந்தது. அந்தத் துணியின் ஓரத்தையும் முனையையும்தான் அவள் கண் தேடியது.

"இது என்ன பெரிய வித்தை? நானே தைச்சுத் தரேன்" என்றாள்.

சிக்பேட்டையில் ரெயின்கோட்டுத் துணி விற்கும் கடைக்காரர் ஒரு கட்டைச் சரசரவென்று உருட்டிவிட்டார். பாராசூட் துணி, மயில்கழுத்து நிறம். உற்றுப் பார்த்தால் நெசவிலேயே குட்டிக் குட்டிக் கட்டங்கள் தெரிந்தன. "ஒரு இடத்துல கிழிஞ்சாலும் அந்தக் கட்டத்தோட நின்னுடும்மா" என்றார். ஆஞ்சலா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தெருவில் போகிற ஆட்டோ தெரிந்தது. இதுவா என் புருஷனைத் தாங்கப்போகிறது என்று இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். ஆனாலும் வாங்கினாள்.

முதல் ஹேமக்கை அவள் பிளவுஸ் தைக்கிற மாதிரியே தைத்தாள். ஓரங்களை மடித்து அடித்தாள். இரண்டு முனையிலும் அகலமான பட்டையை வைத்துப் பிசிறில்லாமல் வரிவரியாகத் தைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்காரம்மா லட்சுமம்மாவிடம் கேட்டுக்கொண்டு, பின்பக்கக் காம்பவுண்டில் மாமரத்துக்கும் பலா மரத்துக்கும் நடுவே கட்டினார்கள். ஆஞ்சலா கீழே ஒரு மெத்தையையும் போட்டாள். மெத்தையைப் பார்த்ததும் கிளிஃபர்டின் முகம் சுருங்கியது.

அவன் மெல்லத் திரும்பி, கைகளை ஊன்றி, உட்கார்ந்தான்.

டர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மெத்தைமேல் மல்லாந்து கிடந்தான். பக்கத்து மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். லட்சுமம்மா சமையலறை ஜன்னலிலிருந்து, "அய்யோ, ஏனாய்த்தம்மா?" என்று, என்ன ஆச்சு எனக் கன்னடத்தில் அலறினாள்.

இந்த முறை கிளிஃபர்ட் சிரிக்கவில்லை. எழுந்து, மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு படியேறினான். "விடு ஆஞ்சி. நீ நல்லாத்தான் தைச்ச" என்று மட்டும் சொன்னான்.

அவன் போன பிறகு அவள் துணியைப் பரப்பிப் பார்த்தாள். எங்கேயும் கிழியவில்லை. ஊசி இறங்கிய வரிசையில் மட்டும், தபால்தலையைப் பிய்த்தெடுத்தது போல, நேர்கோடாக விட்டிருந்தது. தப்புத் துணியில் இல்லை. அவள் எதைப் பலம் என்று நினைத்து அடித்தாளோ, அந்தத் தையல்தான் துணியை வெட்டியிருந்தது. பல வருஷமாக மிஷின் மிதித்தவளுக்கு இது புதுச் செய்தி. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

குருத்து ஞாயிறு கழிந்து, கோயிலுக்குப் பூ வாங்க கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். லாரியிலிருந்து செவ்வந்தி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பழைய துணியில் ஆள் உயரத்துக்குப் பூவைக் குவித்து, முனைகளைக் கூட்டிப் பிடித்து, ஒரு கயிற்றால் இறுக்கிச் சுற்றி முடிந்தார்கள். பிறகு அந்த முடிச்சிலேயே கொக்கியை மாட்டி அத்தனை பாரத்தையும் அந்தரத்தில் தூக்கினார்கள். மூட்டை ஆடியதே தவிர அவிழவில்லை. சேறும் தண்ணீருமாக இருந்த பாதை நடுவில் ஆஞ்சலா அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, வழி விடுங்க!" என்று பின்னால் ஒருவன் கத்தினான். அவள் நகரவில்லை. அந்த மூட்டையில் ஒரு தையல்கூட இல்லையே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தைத்த முனைகளை வெட்டி எறிந்தாள். இன்னொரு அடுக்குத் துணி சேர்த்து இரட்டையாக்கினாள். முனையை வெறுமனே தடிமனாக மடித்துவிட்டு, சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல விரல் விரலாக அடுக்கினாள். அந்தக் கொசுவக் கட்டை நல்ல கயிற்றால் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். மடிப்பின் தடிமன் முடிச்சுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. எவ்வளவு இழுத்தாலும் அது கயிற்றுக்குள் நுழைந்து நழுவ வழியில்லை. இழுக்க இழுக்க முடிச்சு இறுகத்தான் செய்தது.

இந்தத் தடவை கிளிஃபர்டைக் கூப்பிடவில்லை. அவன் ஆபீஸ் போன பிறகு ஹேமக்கை மரங்களில் கட்டி, தண்ணிக் கேன்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அதற்குள் வைத்தாள். வீட்டில் இருந்தது போதவில்லை. லட்சுமம்மா வீட்டுக் கேன்களும் வந்தன. எதிர்க்கடையிலிருந்தும் உருட்டி வந்தார்கள். கிளிஃபர்டின் எடை ஆனது. அதற்கு மேலும் அடுக்கினாள். அந்த மெல்லிய நீலத் துணி, வயிறு பெருத்த மீன்போலக் கனத்துத் தொங்கியது. ஒரு நூல் நகரவில்லை.

"ஏனம்மா இது, மரமே சாஞ்சுடும் போல இருக்கு" என்றாள் லட்சுமம்மா. பிறகு கிட்டே வந்து, துணியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "தெய்வமே. காத்து மாதிரி இருக்கு. இது எப்படிம்மா தாங்குது?"

ஆஞ்சலா கயிற்றுச் சுற்றைத் தடவிப் பார்த்தாள். தானே முடிந்த முடிச்சுதான். இருந்தாலும் பொழுது சாயும்வரை துணி துவைக்கிற சாக்கில் வந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேன்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கிளிஃபர்ட் வந்துவிட்டான். சுற்றி வந்து பார்த்தான். மரத்தில் கட்டிய பட்டையை அழுத்திப் பார்த்தான். "பரவாயில்லயே" என்றான். "உக்காந்து பாருங்க" என்று அவள் சொன்னபோது மாடியை நிமிர்ந்து பார்த்தான். பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க வேணாம் ஆஞ்சி. தோட்டத்துலயே பாத்துக்கறேன்."

"வரீங்களா தோட்டத்துக்கு?"

"நீயும் வந்தா வரேன்."

அடுத்தது கொசுவலை. காப்பித் தோட்டத்தில் வலையில்லாமல் படுத்தால் காலையில் ரத்தம் மிஞ்சாது என்று உமேஷ் சொல்லியிருந்தான். மேலே இழுத்துக் கட்டிய ஒரு கயிற்றிலிருந்து கூடாரம்போல வலை இறங்க வேண்டும். ஹேமக்கின் ஓரம் முழுக்க ஜிப் வைத்து அதோடு சேர வேண்டும். வேண்டாத நேரம் மொத்தமாகக் கழற்றிவிடவும் வேண்டும். வலைத்துணியோ விரலுக்குள் நிற்காமல் விலாங்குமீனாக வழுக்கியது. அடியில் செய்தித்தாளைக் கொடுத்து, காகிதத்தோடு சேர்த்துத் தைத்து, பிறகு கிழித்து எடுத்தாள். அப்படியும் தரையில் பரப்பி அளந்து வெட்டிய வலை ஹேமக்கோடு பொருந்தவில்லை. ஆள் படுத்தால் ஓரம் ஒருவிதமாக இறுகுகிறது, நடு ஒருவிதமாகத் தொய்கிறது. வெறுந்துணியில் எடுத்த அளவுக்கும் பாரம் ஏறிய துணியின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை.

"அப்ப ஆளைப் படுக்க வெச்சுத்தான் அளவு எடுக்கணும்" என்றான் கிளிஃபர்ட். "நீ படு. நான் சாக்பீஸ் போடறேன்."

அப்படித்தான் ஆஞ்சலா முதன்முதலாக அதில் ஏறினாள். உட்கார்ந்து, சாய்ந்து, கால்களைத் தூக்கி உள்ளே வைத்தாள். நேராகப் படுத்தபோது வாழைப்பழம்போல உடம்பு வளைந்தது. கொஞ்சம் குறுக்காக, தலை ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் போகும்படி நகர்ந்தாள். துணி தானாகவே தட்டையாகி முதுகு முழுவதையும் ஒரே மாதிரி ஏந்திக்கொண்டது. எந்த இடத்திலும் அழுத்தம் இல்லை. இடுப்பு, தோள், குதிகால் எதுவும் எதன்மேலும் இல்லை. மாமரத்துக் கிளை ஒன்று தலைக்கு மேலே மெல்லப் போய்வந்துகொண்டிருந்தது. ஆடுவது கிளையா தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கிளிஃபர்ட் சாக்பீஸோடு ஓரம் ஓரமாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தவன், அவள் முகத்துக்கு நேரே வந்ததும் நின்றான்.

"எப்படி இருக்கு ஆஞ்சி?"

"தெரியலங்க" என்றாள். "நீங்களே பாக்கணும்."

அவன் தலையசைத்துவிட்டு மிச்சக் கோட்டைப் போட்டான்.

மே மாதக் கடைசியில் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். கிளிஃபர்ட் ஏறுவதைப் பார்த்து பஸ்ஸே கைதட்டியது. அவனுக்குக் காது சிவந்துவிட்டது. ஹாசன் தாண்டியதும் ஒரு கோடை மழை அடித்து ஓய்ந்தது. தோட்டத்துக்குள் இறங்கியபோது ஈரமண்ணும் அழுகிய இலையும் சேர்ந்த வாசனை. சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று நின்றன. அவற்றின்மேல் மிளகுக்கொடி ஏறியிருந்தது. ஆபீஸ் பிள்ளைகள் வீட்டை ஒட்டியே வரிசையாக ஹேமக் கட்டினார்கள். ஆளுக்கொரு நிறம், ஒரே சத்தம்.

கிளிஃபர்ட் பையைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி நடந்தான். உமேஷ் கூடவே ஓடிவந்தான்.

"கிளிஃபர்ட் சார், அங்க ஏன்? ஃபேமிலி பிரைவசியா?" என்று கண்ணடித்தான்.

"சும்னே, சும்மாதான். ரெண்டு நல்ல மரமாக் காட்டு போதும்."

உமேஷ் அவனை ஒரு நொடி பார்த்தான். அதற்குமேல் கேலி செய்யவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் நின்ற இரண்டு வயதான பலா மரங்களைக் காட்டினான். "எங்க தாத்தா காலத்து மரம் சார். யானை உரசினா கூட அசையாது. ஊட்டா ரெடியானதும் சாப்பிடக் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டான்.

மரப்பட்டையில் காயம் படாதபடி அகலப் பட்டையைச் சுற்றிக் கட்டினார்கள். ஆஞ்சலா மேல்கயிற்றை இழுத்து வலையைத் தொங்கவிட்டு, ஒரு பக்கத்து ஜிப்பை மட்டும் திறந்து வைத்தாள். பொழுது விழுந்துகொண்டிருந்தது. எல்லாம் தயாரான பிறகும் கிளிஃபர்ட் ஹேமக்கின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டேயிருந்தான்.

வேறு யாரும் இல்லை. இருந்தும் அவன் யாரைப் பார்த்துக் கூசுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"நான் திரும்பிக்கறேன்" என்றாள். "நான் பாக்கல."

ஓடைப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள். முதுகுக்குப் பின்னால் துணி சரசரத்தது. பட்டை மரத்தைக் கவ்வி, நெறுநெறுவென்று ஒரு முனகல். மேலே எங்கோ ஓர் இலை உதிர்ந்தது. முடிச்சு இறுகும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, குழந்தை ஏசுவே என்று மனசுக்குள் சொன்னாள். பிறகு எல்லாச் சத்தமும் நின்றுபோயிற்று.

தவளை ஒன்று கத்தி ஓய்ந்தது. பின்னாலிருந்து ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"என்னங்க?"

பதில் இல்லை.

"கிளிஃபர்ட்!" புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே திரும்பினாள்.

அவன் கிடந்தான். அவள் சொல்லிக்கொடுக்காமலே குறுக்காகச் சாய்ந்து, கைகளை இரண்டு பக்கமும் விட்டு, கண்களை மூடிக் கிடந்தான். அவனுக்கும் தரைக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு வெறும் காற்று. அந்தக் காற்றுக்குள் காப்பிச் செடியின் இலைகள் அசைந்துகொண்டிருந்தன. அத்தனை பெரிய உடம்பை, மூக்குத்தி பட்டால் ஓட்டை விழும்போலிருந்த ஒரு துணி, இரண்டு முடிச்சு, இரண்டு மரம் ஏந்திக்கொண்டிருந்தன. அவள் கல்யாணமான நாளிலிருந்து அவன் படுக்கும்போது கட்டில் முனகும், அவனும் முனகுவான். இப்போது எதுவும் முனகவில்லை. அவன் முகத்தில் எப்போதும் இருக்கும் அந்த இறுக்கம், எதையாவது உடைத்துவிடுவோமோ என்கிற அந்த ஜாக்கிரதை, இல்லவே இல்லை. இப்படி ஒரு முகம் அவனுக்கு இருக்கிறதென்றே அவளுக்குத் தெரியாது.

"ஆஞ்சி" என்றான் கண்ணைத் திறக்காமலே. "நான் எங்க இருக்கேன்னே தெரியல. உடம்பே இல்லாத மாதிரி இருக்கு."

அவள் கிட்டே போய் அவன் நெற்றியில் கை வைத்தாள். ஜிப்பை மூடிவிட்டு, கீழே விரித்திருந்த தார்ப்பாயில் உட்கார்ந்தாள். இருட்டு மரங்களுக்கு அடியிலிருந்து கிளம்பி மேலே ஏறியது.

முதல் மின்மினி ஓடைக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. யாரோ டார்ச் அடிக்கிறார்கள் என்று நினைத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு ஒரு செடி முழுக்க. கொஞ்ச நேரத்தில் சரிவு முழுவதும், மரங்களின் அடியிலிருந்து உச்சிவரை, எண்ண முடியாத பச்சை வெளிச்சங்கள். முதலில் அவை தன்னிச்சையாக மினுக்கின. அப்புறம், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ஒரு மரம் இன்னொரு மரத்தோடு சேர்ந்துகொண்டது. மொத்தக் காடும் ஒன்றாக ஒளிர்ந்தது. ஒன்றாக அணைந்தது. அணைந்த இருட்டில் அவளுக்குத் தன் கையே தெரியவில்லை. மறுபடி ஒளிர்ந்தபோது ஒவ்வோர் இலையும் தெரிந்தது. ஏதோ ஒன்று மூச்சு விடுவதுபோல இருந்தது. அத்தனை பெரிதாக எது மூச்சு விடும் என்று நினைத்தபோது அவள் உடம்பு சிலிர்த்தது. ஈஸ்டர் திருவிழிப்பு இரவில், கோயில் இருட்டில் மெழுகுவர்த்திகள் கைமாறி ஏறுவது அவளுக்கு நினைவு வந்தது.

அவை வலைமேல் வந்து உட்கார்ந்தன. அவள் காகிதம் கொடுத்துத் தைத்த அந்த வலையின் ஒவ்வொரு சரிவிலும் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டு மினுக்கின. வெளியே இருந்து பார்த்தபோது கிளிஃபர்ட் ஒரு வெளிச்சக் கூண்டுக்குள் மிதப்பதுபோல இருந்தான்.

"ஆஞ்சி" என்றான் கிசுகிசுப்பாக. "வலையக் கழட்டிடு."

"கொசு பிச்சுடும்ங்க."

"பிக்கட்டும். கழட்டு."

அவள் எழுந்தாள். ஜிப்பின் ரன்னரைப் பிடித்து, பூச்சிகள் பதறாதபடி, பல் பல்லாக நகர்த்திக்கொண்டு ஹேமக்கைச் சுற்றி வந்தாள். மாட்ட அத்தனை பாடுபட்ட வலை, சத்தமில்லாமல் கழன்று அவள் கைக்கு வந்தது. மினுக்கிக்கொண்டே இருந்த பூச்சிகளோடு அதை மெல்ல ஒரு செடிமேல் போர்த்தினாள். திரும்பிப் பார்த்தபோது அவன் மார்புச் சட்டையில் ஒரு மின்மினி வந்து உட்கார்ந்திருந்தது. அவன் மூச்சுக்கு அது ஏறி இறங்கியது. கிளிஃபர்ட் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணோரத்து ஈரத்தில் அந்தப் பச்சை வெளிச்சம் தெரிந்து மறைந்தது.

"நீயும் வா" என்றான்.

"ரெண்டு பேரா? வேண்டாம்ங்க. பயமா இருக்கு."

"உன் கை முடிச்சு ஆஞ்சி. எனக்குப் பயமில்ல. உனக்கு என்ன?"

அவள் செருப்பைக் கழற்றினாள். துணியின் ஓரத்தை அழுத்திப் பிடித்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். துணி ஒரு முறை ஆழ்ந்து இறங்கியது. அவள் மூச்சை நிறுத்தினாள். இறங்கிய இடத்தில் அது நின்றது. இரண்டு உடம்பும் நடுவில் உருண்டு ஒன்றாகச் சேர்ந்தன. அவள் தலை அவன் தோளில் விழுந்தது. இரண்டு பேரும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். மார்பிலிருந்த மின்மினி எழுந்து பறந்து போயிற்று.

மேலே வீட்டுப் பக்கத்திலிருந்து, "கிளிஃபர்ட் சார், ஊட்டா! மேடம், வாங்க!" என்று உமேஷ் சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டது.

"வரோம்!" என்று கத்தினாள் ஆஞ்சலா. இரண்டு பேரும் நகரவில்லை.

மொத்த மலையும் அணைந்தது. அந்த இருட்டில் கிளிஃபர்ட் ஒரு காலை வெளியே விட்டு, பெருவிரலால் தரையைத் தேடி, ஓர் உந்து உந்தினான். ஹேமக் ஆடத் தொடங்கியது.